ஆள் எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டு வேலைக்காரிக்கு நற்சான்றுப் பத்திரம் என்று ஒன்று கிடையாது, டெலிபோன்தான். ஒருத்தி வேலை கேட்டு வந்தால், வீட்டு அம்மா அவளைக் குசினி வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போய், அவள் முன்பு வேலை செய்த வீட்டுக்குப் போன் எடுப்பாள். முதலில் சுகம் விசாரிப்பு. பிறகு மகனுக்குக் கனடா விசா சரிவந்ததா என்ற கேள்வி. பிறகு தேங்காய் விலை. எல்லாம் முடிந்து, குரலை ஒரு படி கீழே இறக்கி, "ஆள் எப்பிடி?" என்பாள். அந்தப் பக்கத்து அம்மா சொல்லும் பதிலில்தான் குசினி வாசலில் நிற்கிறவளின் அடுப்பு எரிவதும் அணைவதும் இருக்கிறது. எழுத்தில் ஒரு வரி இராது. எழுத்தில் இருந்தாலாவது யாராவது ஒரு நாள் கிழித்துப் போடலாம். வாயால் சொன்னதை எதைக் கொண்டு கிழிப்பது?

பேச்சியம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தன் தலையில் வந்து விழும் என்று அவள் நினைத்ததில்லை. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு, முதுகு முறிந்து கட்டிலோடு கிடக்கும் புருஷன் தங்கையா, காலையில் வெள்ளவத்தைக்கு ஒரு பஸ், பொழுதுபட முன்னர் திரும்ப ஒரு பஸ், இதுதான் அவள் வாழ்க்கை. விசாகரத்தினம் ஐயா வீட்டுக் குசினி முழுதாக அவள் கையில் இருந்தது. அந்த ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், மற்ற வீட்டு அம்மாமார் மாடிப்படியில் அவளைத் தனியே கண்டால், "பேச்சியம்மா, அங்கை சரிவராட்டி எங்களிட்டை வாவன்" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு கைப்பக்குவம்.

விசாகரத்தினத்தைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. மனிதர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம் ஏதோ ஒரு மகஜரில் கையெழுத்து வைத்தாராம். அத்தோடு பதவி உயர்வு நின்றுபோனது. மேலதிகாரி ஒருவர் இவரைப் பற்றி மேலிடத்தில் சொன்ன வாக்கியம் எப்படியோ இவர் காதுக்கு வந்து சேர்ந்தது: "ஆள் நல்லவர்தான், வேலையும் சுத்தம். ஆனால் ஆரோடை நிக்கிறாரெண்டு சொல்லேலாது." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டார். வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், தபால்காரர், தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர் என்று ஒருவரும் அந்தக் கதையிலிருந்து தப்பவில்லை. பேச்சியம்மாவுக்கு அது தேவாரம் போல மனப்பாடம்.

தமிழரின் நலன் காக்க ஒரு மன்றம் இருந்தது. அதற்கு இவர் உபதலைவர். ஞாயிறுதோறும் இவர் வீட்டு ஹோலில் கூட்டம். நரைத்த தலைகள் சில கூடி, கறுப்புப் பட்டியல் என்ற அநியாயத்தைக் கண்டித்து அறிக்கை எழுதும். அந்த அறிக்கையை யாராவது எங்காவது வாசித்தார்களா என்று எவருக்கும் தெரியாது. வடை மட்டும் தட்டோடு தீர்ந்துவிடும். வடை சுட்டவள் பேச்சியம்மா.

வினையும் ஞாயிற்றுக்கிழமையில்தான் பிறந்தது. தங்கையா கிட்டங்கி ஒன்றில் மூட்டை இறக்கும்போது லொறியிலிருந்து விழுந்தவன். ஆஸ்பத்திரி கையை விரித்த பிறகு, ஹெந்தளையில் இருந்த ஒரு முறிவு வைத்தியர், விடாமல் எண்ணெய் போட்டுக் கட்டினால் நடக்க வைக்கலாம் என்றார். ஆனால் அவர் ஆட்களைப் பார்ப்பது ஞாயிறு காலையில் மட்டும். பேச்சியம்மா பஸ்ஸில் இதை மயிலம்மாவிடமும் செலீனிடமும் சொன்னாள். இருவரும் அதே ஒழுங்கையில் வேலை செய்கிறவர்கள். செலீனுக்கும் ஞாயிறு வேண்டும், பூசைக்குப் போக. மயிலம்மாவுக்கும் ஞாயிறு வேண்டும், சும்மா படுத்துக் கிடக்க. சும்மா படுத்துக் கிடப்பதும் மனுஷிக்கு ஒரு தேவைதானே. பேசிப் பேசி உசார் வந்து, மறுநாள் காலையில் மூன்று பேரும் அவரவர் வீட்டில் ஒரே கோரிக்கையைக் கேட்டு வைத்தார்கள்.

அங்கேதான் பிழை. ஒருத்தி சித்திரையிலும் ஒருத்தி ஆடியிலும் கேட்டிருந்தால் அது கெஞ்சல். ஒரே காலையில் கேட்டதால் சதி ஆகிவிட்டது. தேநீர் ஆறுவதற்குள் மூன்று வீட்டு டெலிபோனும் மாறி மாறி அடித்து ஓய்ந்தன.

"மூண்டு வீட்டிலையும் ஒரே நேரத்திலை!" தையல்நாயகி அம்மா குசினிக்குள் வந்து நின்றாள். விசாகரத்தினத்தின் மனைவி. "ஆரடி உங்களுக்கு இது சொல்லித் தந்தது? சங்கம் கிங்கம் வைச்சிருக்கிறியளோ?"

"சங்கமெல்லாம் இல்லீங்கம்மா. வீட்டுக்காரருக்கு வைத்தியம் பாக்கணும். ஞாயித்துக்கெழமதான் அந்த வைத்தியரு பாக்குறாரு. வேணும்னா சனிக்கெழமயே வடைக்கு அரைச்சு வச்சிட்டுப் போறேன்."

"அரைச்சு வைச்சால் ஆர் சுடுறது? நானோ?"

ஹோலில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த விசாகரத்தினம் பேனையும் கையுமாக எழுந்து வந்தார். பக்குவமாகப் பேசுகிறவர் அல்லவா. "பேச்சியம்மா, உரிமை கேக்கிறது பிழையில்லை. ஆனால் கேக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. இப்பிடிக் கூட்டம் சேர்த்துக் கேக்கிறது ஆக்களை வெருட்டுறது மாதிரி."

"ஐயாவும் ஞாயித்துக்கெழம கூட்டம் சேத்துத்தானுங்களே கேக்குறீங்க?"

விசாகரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். வேலை போய்விட்டது என்று பேச்சியம்மாவுக்கு அப்போதே தெரிந்தது. சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. மாதக் கடைசியில் நின்றுகொள்ளச் சொன்னார்கள். மயிலம்மாவும் செலீனும் மன்னிப்புக் கேட்டுத் தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதையும் பேச்சியம்மா குறையாக எடுக்கவில்லை. எல்லாருக்கும் வயிறு இருக்கிறது.

அவளுக்குப் பயமும் இல்லை. அத்தனை அம்மாமார் காதுக்குள் "வாவன், வாவன்" என்றவர்கள்தானே. நேரே பல் டொக்டரின் மனைவியிடம் போனாள். அந்த அம்மா வாயெல்லாம் பல்லாக, "நாளைக்கு வா" என்றாள். நாளைக்குப் போனால், "ஐயோ, ஊரிலையிருந்து ஒரு பிள்ளை வந்திட்டுது." ஊரிலே சண்டை நடந்து பாதை பூட்டிக் கிடந்த காலம் அது; அந்தப் பிள்ளை பறந்தா வந்தது? அடுத்த வீட்டு அம்மா கதவைச் சங்கிலியோடு திறந்து, மூக்கை மட்டும் காட்டி, "இப்ப ஆள் தேவையில்லை" என்றாள். கல்கிசை வரைக்கும் நடந்து பார்த்தாள். அங்கேயும் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எங்கை நிண்டனீ?" என்பதுதான். சொன்னால், "இரு, வாறன்" என்று உள்ளே போவார்கள். உள்ளே போன அம்மா ஒருத்தியாவது சிரித்த முகத்தோடு திரும்பி வந்ததில்லை.

கடைசியில் செலீன்தான் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, எங்க வீட்டம்மா போன்ல கதைக்கிறத நான் கேட்டேன். ஒங்க வீட்டம்மா எல்லாருக்கும் ஒரே கததான் சொல்லியிருக்கு. 'ஆள் நல்லவள்தான், கையும் சுத்தம். ஆனா ஆரோடை நிக்கிறாளெண்டு சொல்லேலாது. காலமும் சரியில்லை' எண்டு."

பேச்சியம்மா அப்படியே நின்றுவிட்டாள். அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். அதற்குத் தேநீர் ஊற்றியிருக்கிறாள், வடை வைத்திருக்கிறாள். ஐயாவின் வாழ்க்கையைக் கெடுத்த அந்த வாக்கியத்தை அம்மா அப்படியே எடுத்து, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறாள். புருஷனை எரித்த கொள்ளி வீணாகப் போகக்கூடாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இங்கே இராமாயணம் படித்தவர் புருஷன், இடித்தவள் பெண்சாதி. இடிக்கும்போது புருஷன் பக்கத்துக் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

கள்ளி என்று சொல்லியிருந்தால்கூட நல்லது. என்ன களவு போனது, காட்டு என்று வாசலில் நின்று சண்டை பிடிக்கலாம். இதற்கு என்ன செய்வது? மத்திய வங்கியில் குண்டு வெடித்த அடுத்த வருஷம் அது. தமிழர் வீடுகளில் "ஆரோடை நிக்கிறாள்" என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தந்தான். புலி என்று வாயால் சொல்லத் தேவையில்லை. நான் அப்படி இல்லை என்று சொல்லத் தொடங்கினாலே சந்தேகம் இரட்டிக்கும். பேச்சியம்மாவுக்குச் சொத்து என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அது கெட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் தங்கையாவின் முதுகுக்கு எண்ணெயும் இல்லை, ஹெந்தளையும் இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்த பிறகுதான் பசித்தது.

புகையை ஊதிவிடலாம்; இந்தத் திசைக்குத்தான் போக வேண்டும் என்று அதற்குக் கட்டளை போட முடியாது. தையல்நாயகி அம்மா விட்ட கதை டெலிபோன் டெலிபோனாகத் தாவி, பல் டொக்டரின் டிரைவர் காதில் விழுந்து, அவன் தேநீர்க் கடையில் காவலரண் பொலிஸ்காரனிடம் சொல்லி, சுற்றிச் சுழன்று விசாகரத்தினம் வீட்டுக் கதவையே வந்து தட்டியது.

இது பேச்சியம்மாவுக்கு விசாகரத்தினம் வாயாலேயே தெரியவந்தது. ஒரு நாள் காலையில், வெள்ளைக் காற்சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக, கொட்டாஞ்சேனை முடுக்குக்குள் வாய்க்காலைத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தார். அவளை வேலைக்கு வைத்திருந்த இத்தனை வருஷத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. இப்போது செலீனிடம் விசாரித்து வந்திருக்கிறார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

கட்டிலில் கிடந்த தங்கையா தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். "அடடே, கறுப்புப் பட்டியல் ஐயாவா! வாங்க, வாங்க. ஒக்காருங்க. கதிர ஒண்ணுதான் இருக்கு, காலு ஆடும். நம்ம வீட்டுல எனக்கும் அதுக்கும் ஒரே வியாதி."

விசாகரத்தினம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தாராம். இந்த வீட்டில் வேலை செய்த பெண்ணைப் பற்றி ஒரு கதை அடிபடுகிறதே, என்ன விஷயம் என்று கேட்டாராம். ஒரு பெண் சமைத்தாள், ஞாயிறு லீவு கேட்டாள், நிறுத்திவிட்டோம் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார். இவர் கெட்டிக்காரர் அல்லவா? "எங்களுக்கும் சந்தேகம் வந்துதான் சேர், உடனே நிப்பாட்டிப் போட்டம்" என்றிருக்கிறார்.

"சந்தேகம் வந்ததா? அப்படியானால் ஏன் பொலிசுக்கு அறிவிக்கவில்லை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

இவருக்கு வேர்த்துவிட்டது. "இல்லை சேர், அப்பிடிப் பெரிய சந்தேகமொண்டும் இல்லை."

"சந்தேகம் இல்லாவிட்டால் ஏன் ஊரெல்லாம் சொன்னீர்கள்?"

பூனையைக் கட்டிப்போட வலை பின்னியவர் தானே அதற்குள் காலை விட்டுக்கொண்டார். போதாக்குறைக்கு, ஞாயிறுதோறும் வீட்டில் என்ன கூட்டம் என்றும் இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டார். நாளைக்குக் காலையில் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வர வேண்டும். அவள் வராவிட்டால், இவர் மாற்று உடுப்போடு வர வேண்டும்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பேச்சியம்மா. உன்னிலை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ எங்கடை வீட்டுப் பிள்ளை மாதிரி."

வீட்டுப் பிள்ளை! தங்கையா கட்டிலில் கிடந்தபடி 'க்ளுக்' என்று சிரித்தான். சிரித்தால் முதுகு நோகும், நொந்தாலும் சிரித்தான்.

பேச்சியம்மா புருஷனைப் பார்த்தாள். அந்த நாளில் பொலிசுக்குள் போன தமிழாட்கள் எல்லாரும் போன வழியே திரும்பி வந்தார்களா? தங்கையாதான் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "நீயா நடந்து போனீன்னா சாட்சி. அவனுங்க வந்து கூட்டிட்டுப் போனா கைதி. போயிட்டு வா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "வர்றேங்கய்யா. ஆனா ஒண்ணு. அம்மா யார் யாருக்கு போன் பண்ணுனாங்களோ, அந்த வீட்டுக்கெல்லாம் ஐயா இப்பவே போன் பண்ணணும். பேச்சியம்மாவப் பத்திச் சொன்னது பொய்னு சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"பொய்யெண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒரு தவறான விளக்கம் ஏற்பட்டுப் போச்சுதெண்டு..."

"வெளக்கமெல்லாம் வேணாங்கய்யா. பொய். ரெண்டு எழுத்துத்தான்."

முடுக்கு வாசலில், காசு கொடுத்துப் போன் எடுக்கிற மர்ஸூக் நானாவின் கொமியூனிகேஷன் கடை இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் விசாகரத்தினம் நுழைந்தார். கதவைச் சாத்தப் போனவரைப் பேச்சியம்மா விடவில்லை. கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். கூண்டுக்கு வெளியே மர்ஸூக் கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தார். காது மட்டும் உள்ளே இருந்தது.

முதலில் பல் டொக்டர் வீடு. விசாகரத்தினம் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, நான் விசாகரத்தினம். எங்கடை பேச்சியம்மாவைப் பற்றித் தையல்நாயகி சொன்னது..."

"அண்ணை, போனிலை இதுகளைக் கதையாதேங்கோ!" அந்தப் பக்கத்துக் குரல் பேச்சியம்மாவுக்கே கேட்டது. "உங்கடை வீட்டுக்குப் பொலிஸ் வந்ததெண்டு கேள்வி. எங்களுக்கும் குமர்ப் பிள்ளையள் இருக்கு. கொஞ்ச நாளைக்கு இஞ்சை எடுக்காதேங்கோ."

லைன் துண்டானது. அதற்கு அடுத்த வீட்டில் எடுத்த அம்மா, இவர் பெயரைச் சொன்னதும் "றோங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் இவர் வீட்டில் வந்து சாப்பிட்ட குரல் அது. மன்றத்தின் தலைவர் வீட்டுக்கும் தையல்நாயகி அம்மா கதை சொல்லியிருந்தாள். அங்கே எடுத்த வேலைக்காரப் பெண், "ஐயா குளிக்கிறாருங்க" என்றாள். பின்னாலே, "நான் இல்லையெண்டு சொல்லடி" என்று தலைவர் குரல் தெளிவாகக் கேட்டது. குளிக்கிறவரும் வீட்டில் இல்லாதவருமாக ஒரே நேரத்தில் இருக்கத் தலைவர்களால்தான் முடியும்.

கடைசியாக எடுத்த வீட்டில் விசாகரத்தினம் ஒரே மூச்சில் சொல்லிவிடத் துணிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, "அது பொய், முழுப் பொய்!" என்று கத்தினார். மர்ஸூக் எட்டிப் பார்த்தார். ரிசீவரிலிருந்து 'ங்ங்ங்' என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் உண்மையைச் சொன்ன ஒரே தருணத்தில் கேட்க ஆள் இல்லை.

பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன கம்பி வழியாகவே கதையைத் திருப்பி இழுத்துவிடலாம் என்று அவள் நம்பியிருந்தாள். அது நடக்காது என்று இப்போது விளங்கியது. பொய்யைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற வீடுகள், மறுப்பைக் கேட்கக் கதவைச் சாத்திவிட்டன. அதோடு, பட்டியலில் இப்போது அவள் பெயருக்குக் கீழே விசாகரத்தினத்தின் பெயரும் ஏறிவிட்டது. அவர் கூண்டுக்கு வெளியே வந்து, யாருமற்றவர் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அவர்மேல் ஒரு சொட்டு இரக்கம் வரப் பார்த்தது. ஹெந்தளை ஞாபகம் வந்ததும் அது வற்றிவிட்டது.

"சேர், சல்லி வாணாம்," என்று, காசெடுக்கப் போனவரை மர்ஸூக் தடுத்தார். "பேசினாத்தானே சல்லி. ஒங்களுக்கிட்ட ஒத்தரும் பேச இல்லயே." விசாகரத்தினம் போன பிறகு, அவர் பேச்சியம்மாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, எங்கட பொஞ்சாதி பைறோஸா ரோல்ஸும் பெட்டிஸும் செஞ்சி கடைகளுக்குக் குடுக்கிற. கைக்கு ஆள் இல்லாம கஷ்டப்படுற. நீங்க வருவீங்களா?"

பேச்சியம்மா அவரை உற்றுப் பார்த்தாள். "என்னப்பத்தி யாருகிட்டயும் விசாரிக்க மாட்டீங்களா, நானா?"

"என்னத்த விசாரிக்கிற? இவ்வளவு நேரமும் விசாரணதானே நடந்த. ஞாயித்துக்கெழம கட பூட்டு. மத்த நாள் வாங்க."

மறுநாள் காலையில் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் போட்டிருந்தன. விசாகரத்தினம் ஒன்றில் நுனியில் இருந்தார். பேச்சியம்மா மற்றதில் சாய்ந்தே இருந்தாள். அந்த மனிதர் இருக்கும் இடத்தில் அவள் கதிரையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். அவளும் சிங்களத்தில் சொன்னாள். எங்கே பிறந்தாய், எங்கே இருக்கிறாய், புருஷன் என்ன செய்கிறான், வேலையிலிருந்து ஏன் நிறுத்தினார்கள்?

"ஞாயித்துக்கெழம லீவு கேட்டேன், மாத்தயா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மாத்தயா."

இன்ஸ்பெக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு விசாகரத்தினத்தைப் பார்த்தார். கண்ணுக்குள் களைப்பும் எரிச்சலும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அவருடைய இரண்டு நாளைத் தின்றிருக்கிறார்கள். பிறகு கதிரையைத் திருப்பிக்கொண்டு, பேச்சியம்மாவிடம் கேட்டார். "சரி, இந்த மனுஷர் வீட்டில் நீ கனகாலம் இருந்திருக்கிறாய். கூட்டம் நடக்கிறதாம். வருகிறவர்கள் யார்? இவர் ஆள் எப்படி?"

ஆள் எப்படி? கேள்வி இப்போது குசினி வாசலில் நின்றவளிடமே வந்து சேர்ந்தது. விசாகரத்தினத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. பதில் அவளுக்கு மனப்பாடம் என்று அவருக்குத் தெரியும். மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே. ஆள் நல்லவர்தான், மாத்தயா. ஆனால் யாரோடு நிற்கிறார் என்று சொல்ல முடியாது. அவ்வளவு போதும். மாற்று உடுப்பு வீட்டிலிருந்து வந்து சேரும். அது பொய்யும் இல்லை. அவர் யாரோடு நின்றார்? அவளோடு நிற்கவில்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த வாக்கியம் நுனி நாக்கு வரை வந்தது. வந்ததும் அவளுக்கு அருவருத்தது. ஒருவர் மென்று துப்ப, அதை இன்னொருவர் எடுத்து மென்று துப்ப, இத்தனை வாய் பட்ட எச்சிலை அவளும் எடுத்து வாயில் போடுவதா? தங்கையா சாப்பிட்டு மிச்சம் வைத்தாலே அவள் தின்னமாட்டாள்.

"இவரா, மாத்தயா?" என்றாள். "இவரு ஒரு பயகுல்லா."

கோழை என்பதற்குச் சிங்களத்தில் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பக்கத்து மேசைப் பொலிஸ்காரன் தலையை நிமிர்த்தினான். பேச்சியம்மா நிறுத்தவில்லை.

"கூட்டம்னா வடை தின்ன வர்ற கூட்டம், மாத்தயா. ஒரு கடதாசி எழுதுவாங்க. மொதக் கையெழுத்து யார் வைக்கிறதுன்னு வரும்போது எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வந்துரும். ஒருத்தரும் வைக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க. பட்டாசுச் சத்தம் கேட்டாலே இந்த ஐயா கக்கூசுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவாரு. சமைக்கிற பொம்பள ஒரு நாளு லீவு கேட்டதுக்கு நடுங்கிப்போயி, பொண்டாட்டிய விட்டு ஒழுங்க பூரா போன் அடிக்க வச்ச மனுசன். இவராலயா நாட்டுக்கு ஆபத்து வரப்போகுது? இவரப் புடிச்சு வச்சா ஒங்களுக்குத்தான் சோத்துச் செலவு."

முதலில் பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். பிறகு வாசல் காவல்காரன். கடைசியில் இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். விசாகரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை; அழவும் முடியாமல், மேசையில் இருந்த தாள் குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்து மேசைக்காரனிடம் எழுதச் சொன்னார். அவன் எழுதி, உரக்க வாசித்துக் காட்டினான்: மேற்படி நபர் மிகவும் பயந்த சுபாவமுள்ளவர், எவருக்கும் தீங்கு செய்ய இயலாதவர் என்று, அவர் வீட்டில் நெடுங்காலம் வேலை செய்தவர் உறுதிப்படுத்துகிறார். அந்த உறுதிமொழி சரியென்று ஏற்றுக்கொண்டு மேற்படி நபரும் கீழே ஒப்பமிட வேண்டும்.

விசாகரத்தினம் பேனையை எடுத்தார். வைத்தார். வீட்டுக்குப் போகும் ஆசை பெரிது, திரும்பவும் எடுத்தார். எண்பத்துநாலுக்குப் பிறகு அவர் கையெழுத்து வைத்த முதல் அறிக்கை அதுதான்.

வெளியே காலி வீதி வெயிலில் பொசுங்கிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடம் வரை அவர் அவள் பின்னாலேயே வந்தார். "இப்பிடியே சொல்லுறது, பேச்சியம்மா? எழுதியும் போட்டாங்களே. வேறை மாதிரிச் சொல்லியிருக்கலாம்."

"வேற மாதிரியும் தெரியுங்கய்யா. நீங்க சொல்லிக் குடுத்தது இருக்கு. அதச் சொல்லியிருந்தா ஐயா இப்ப வெளிய நிக்க மாட்டீங்க."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்ததும் அவர் அவசரப்பட்டார். மன்றத்தில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை, வீட்டில் அடுப்பு மூட்டத் தெரிந்த ஆள் இல்லை, இனி அவருக்குப் பேச்சுத் துணைக்காவது ஒருத்தி வேண்டும். "தையல்நாயகி உன்னைத் திங்கட்கிழமை வரச் சொன்னவ. ஞாயிறும் லீவு எடுக்கலாமாம். பழசை மறந்திடு. வாறியா?"

பஸ் வந்து நின்றது. பேச்சியம்மா ஏறி, மிதிபலகையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஒடனே சொல்ல முடியாதுங்கய்யா. காலம் சரியில்ல. நாலு எடத்துல விசாரிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"இதிலை என்னத்தை விசாரிக்கப் போறாய்?"

"ஆளு எப்படின்னு."